எதிரே கிடந்த நாலு ஆட்டின்

மே மாத விடுமுறை. திருநெல்வேலி வீட்டு மொட்டை மாடியில் பாய் விரித்து எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு சொளகு நிறையப் புளியங்கொட்டை. ஆளுக்கு நூறு கொட்டை எண்ணிக் கொடுத்தாயிற்று. சீட்டுப் போடுவது மட்டும் என் வேலை. அக்கா மகளுக்கு இந்த ஆட்டம் புதிது என்பதால், அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய சீட்டை நான் பார்க்கலாம் என்று மற்றவர்கள் சம்மதித்திருந்தார்கள்.

முதல் மூன்று சீட்டு விழுந்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. கவிழ்ந்த இரண்டையும் ஓரம் தூக்கிப் பார்த்தாள்: ஆட்டின் ராணி, ஆட்டின் 9. எல்லோரும் பார்க்கத் திறந்து கிடந்த மூன்றாவது, ஆட்டின் 5. மூன்றும் ஒரே இனம். இன்னும் நான்கு சீட்டு வரவேண்டும். அதில் இரண்டே இரண்டு ஆட்டின் விழுந்தால் ஐந்து சேர்ந்துவிடும், ஃபிளஷ்.

வட்டத்தில் மற்ற ஏழு பேருக்கு முன்னால் திறந்து கிடந்தவை இவை: ஆட்டின் ராஜா, ஆட்டின் 10, ஆட்டின் 6, ஆட்டின் 3, இஸ்பேடு ராஜா, டைமண்ட் 8, கிளாவர் 2. அவள் அவற்றைப் பார்க்கவில்லை. தன் மூன்று சீட்டையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டட் போக்கரில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது எல்லாமே இந்தப் பத்துச் சீட்டுக்குள் இருக்கிறது.

ஆட்டத்தின் விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழு சீட்டு ஸ்டட்டில் ஒவ்வொருவருக்கும் முதலில் இரண்டு சீட்டு கவிழ்த்தும் ஒன்று திறந்தும் வரும். பிறகு நாலாவது, ஐந்தாவது, ஆறாவது மூன்றும் திறந்தே வரும். ஏழாவது மறுபடி கவிழ்ந்து வரும். ஒவ்வொரு சீட்டு விழுந்ததும் ஒரு சுற்றுப் பந்தயம். கடைசியில் நிற்பவர்கள் தங்கள் ஏழில் சிறந்த ஐந்தை எடுத்துக் காட்ட வேண்டும். போக்கர்காரர்கள் ஒவ்வொரு சுற்றையும் ஸ்ட்ரீட் என்பார்கள். மூன்று சீட்டு கையில் இருக்கும் முதல் சுற்று, தேர்ட் ஸ்ட்ரீட். எட்டுப் பேரும் கடைசிவரை நின்றால் 56 சீட்டு வேண்டும், கட்டில் இருப்பதோ 52. ஆனாலும் சீட்டு பற்றாமல் போவது அரிது. பெரும்பாலானவர்கள் முதல் சுற்றிலேயே கவிழ்த்துவிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பு ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ரம்மியில் ஸ்கூட் விடுவதைப் போலத்தான் இதுவும்.

எங்கள் மாடியில் பந்தய அளவு இப்படி: சீட்டு விழும் முன் ஆளுக்கு ஒரு கொட்டை. திறந்த சீட்டில் மிகச் சிறியதை வைத்திருப்பவர் கட்டாயமாக இரண்டு கொட்டை போட்டு ஆரம்பிக்க வேண்டும். முதல் இரண்டு சுற்றில் பந்தயம் நான்கு கொட்டை, ஐந்தாம் சீட்டிலிருந்து எட்டு.

இன்று தொலைக்காட்சியில் போக்கர் என்று காட்டுவது பெரும்பாலும் டெக்சாஸ் ஹோல்டெம். அதில் நடுவே கிடக்கும் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொது. ஒருவர் விலகினால் அவருடைய இரண்டு சீட்டும் யார் கண்ணிலும் படாமல் போய்விடும். ஸ்டட்டில் பொதுச் சீட்டு கிடையாது. ஒவ்வொருவருடைய திறந்த சீட்டும் அவருக்கு மட்டுமே சொந்தம், ஆனால் எட்டுப் பேர் கண்ணுக்கும் தெரியும். முதல் பந்தயம் விழும் முன்பே ஏழு பேருடைய சீட்டில் ஒவ்வொன்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. இத்தனை செய்தியை இலவசமாகத் தரும் சீட்டாட்டம் குறைவு. அந்த இலவசத்தை எடுத்துக்கொள்ளாதவர்தான் இதில் தோற்கிறார்.

அக்கா மகளின் கணக்குக்கு வருவோம். அவள் கண்ணுக்குத் தெரிந்த சீட்டு பத்து. தெரியாதவை 42. ஆட்டினில் மொத்தம் 13. மூன்று அவளிடம், நான்கு எதிரே. மிச்சம் ஆறு: ஏஸ், ஜாக்கி, 8, 7, 4, 2. அந்த 42-லிருந்து அவளுக்கு நான்கு சீட்டு வரப்போகிறது. பிளஸ் டூவில் படித்த சேர்மானக் கணக்கு அப்படியே இங்கே உதவும். 42-லிருந்து 4 எடுக்க 1,11,930 வழி உண்டு. அதில் ஒரு ஆட்டின்கூட வராத வழி 58,905. ஒன்றே ஒன்று வரும் வழி 42,840. இரண்டும் அவளுக்குப் பயன்படாதவை. மீதி 10,185 வழியில்தான் ஃபிளஷ். நூற்றுக்கு 9.1.

எதிரே ஏழு பேரில் ஒருவரிடமும் ஆட்டின் இல்லாமல் இருந்திருந்தால்? அப்போது 42-க்குள் பத்து ஆட்டின் ஒளிந்திருக்கும். ஃபிளஷ் விழும் வழி 26,370. நூற்றுக்கு 23.6. கையில் அதே ராணி, அதே 9, அதே 5. எதிரே கிடக்கும் சீட்டின் இனம் மாறியதற்கே வாய்ப்பு இரண்டரை மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. எதிரே கிடப்பதைப் பார்க்கவே முடியாத ஆட்டமாக இருந்தால் கணக்கு நூற்றுக்கு 18. புதியவர்கள் மனத்தில் வைத்திருப்பது இந்தப் பதினெட்டைத்தான், அல்லது அதைவிடப் பெரிய ஒரு ஆசையை.

இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கும்போது எல்லோரும் ஒரு கேள்வி கேட்பார்கள், அவளும் பின்னால் கேட்டாள்: “மாமா, மத்தவங்க கவுத்து வச்சிருக்காங்களே பதினாலு சீட்டு, அதுலயும் ஆட்டின் இருக்கும்லா? அதை ஏன் கழிக்கல?”

நல்ல கேள்வி. தெரியாத 42-ல் 14 மற்றவர்கள் கையில், 28 என் கையிலிருந்த கட்டில். ஆனால் நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். சீட்டுப் போடும் முன் நான் கட்டை வேறு இடத்தில் வெட்டியிருந்தால் அடியில் கிடந்தவை மேலே வந்திருக்கும், மற்றவர்கள் கைக்குப் போனவை கட்டுக்குள் கிடந்திருக்கும். எது எங்கே என்று நமக்குத் தெரியாதவரை, ஒளிந்திருக்கும் ஆறு ஆட்டினும் 42 இடத்திலும் சமமாகப் பரவியிருக்கின்றன என்று கொள்வதே சரி. தெரிந்ததை மட்டும்தான் கழிக்க முடியும். தெரியாததைப் பயத்தால் கழிப்பதும் ஆசையால் கூட்டுவதும் ஒரே பிழையின் இரண்டு பக்கம். (பந்தயம் ஏற ஏற, யார் எதை வைத்திருப்பார் என்ற ஊகம் இந்தச் சமத்தைக் கொஞ்சம் குலைக்கும். அதைப் பின்னால் பார்ப்போம்.)

ஒன்பது சதவீதம் நல்லதா கெட்டதா என்பது அந்த எண்ணிலேயே இல்லை. நடுவில் எவ்வளவு கிடக்கிறது, நாம் எவ்வளவு போடவேண்டும் என்பதோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதற்குப் பொருள். கிளாவர் 2 வைத்திருந்தவர் விதிப்படி இரண்டு கொட்டை போட்டார். இஸ்பேடு ராஜாவோடு உட்கார்ந்திருந்த என் அம்மா நான்காக ஏற்றினார். டைமண்ட் 8 வைத்திருந்த அக்கா நான்கு போட்டாள். மற்றவர்கள் கவிழ்த்துவிட்டார்கள். எட்டும் இரண்டும் நான்கும் நான்கும் சேர்ந்து நடுவில் 18. அக்கா மகள் நான்கு போட்டால் 22. அந்த 22-ல் நான்கு அவளுடையது என்றால், நூற்றுக்குப் பதினெட்டு முறையாவது ஜெயித்தால்தான் போட்டது கைக்கு வரும். இன்னும் நான்கு சுற்றுக் கொட்டையும் போடவேண்டியிருக்கும் என்பதை இதில் சேர்க்கவே இல்லை. ஆட்டின் எல்லாம் உயிரோடு இருந்திருந்தால் 23.6 அந்தப் படியைத் தாண்டியிருக்கும். 9.1 அதில் ஏறக்குறையப் பாதிதான் ஏறியிருக்கிறது.

அவள் போட்டாள்.

நாலாவது சீட்டாக ஆட்டின் 8 வந்தது. கூச்சலே போட்டுவிட்டாள். நான்கு ஆட்டின் சேர்ந்தாயிற்று, இன்னும் ஒன்று போதும், மூன்று சீட்டு பாக்கி. பொதுவாக இந்த இடத்தில் ஆட்டின் வேறெங்கும் சாகாமல் இருந்தால், தெரியாத 39-ல் ஒன்பது மிச்சம் இருக்கும், ஃபிளஷ் விழ நூற்றுக்கு 55.6 வாய்ப்பு. பாதிக்கு மேல். அவளுக்கோ மிச்சம் ஐந்துதான். 34.5. இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளி, எதிரே கிடந்து கவிழ்ந்துபோன அந்த நான்கு ஆட்டின்.

அம்மா நான்கு கொட்டை போட்டார், இருவரும் தொடர்ந்தார்கள். நடுவில் 34. ஐந்தாவது சீட்டு ஆட்டின் இல்லை. பந்தயம் எட்டாயிற்று, அக்கா விலகிவிட்டாள், இவள் எட்டுப் போட்டாள். ஆறாவது சீட்டும் ஆட்டின் இல்லை. அம்மா மறுபடி எட்டு வைத்தார். இப்போது நடுவில் 58 கொட்டை கிடக்கிறது. இவள் எட்டுப் போட்டால் 66. தேவைப்படுவது நூற்றுக்கு 12 வாய்ப்பு. தெரியாத 34 சீட்டில் ஐந்து ஆட்டின், 14.7. ஆக, இந்த இடத்தில் அவள் எட்டுப் போட்டது சரியான ஆட்டம்!

நான் இந்த ஆட்டத்தைக் கற்ற காலத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்த இடம்தான். தவறு நடந்தது தேர்ட் ஸ்ட்ரீட்டில். அங்கே தவறாக உள்ளே வந்துவிட்டால், நடுவில் குவியல் பெருத்துக்கொண்டே போவதால், அடுத்தடுத்த அடி ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே தெரியும். கணக்கு நம்மைக் காப்பாற்றாது, கைப்பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போகும். ஸ்டட்டில் முடிவு எடுக்கும் இடம் ஐந்து என்று தோன்றும். உண்மையில் பெரிய முடிவு ஒன்றுதான், மூன்று சீட்டோடு இருக்கும்போது எடுப்பது.

ஏழாவது சீட்டைக் கைக்குள் மறைத்து மெதுவாக ஓரம் பிரித்தாள். கிளாவர் ஜாக்கி. அம்மா எட்டு வைத்தார், இவள் கவிழ்த்தாள். 1, 4, 4, 8, 8 என்று அவள் விட்டது 25 கொட்டை. முதலிலேயே கவிழ்த்திருந்தால் ஒன்று.

அம்மா குவியலைச் சொளகோடு இழுத்துக்கொண்டே கேட்டார்: “ஏட்டி, எதுத்தாப்ல நாலு ஆட்டின் கெடந்துச்சே, பாக்கலையா?”

விட்ட 25 கொட்டையை மீட்கவேண்டும் என்ற வேகம் அடுத்த கையில் வரும். அதற்கு எதிரான மருந்து 1654-லேயே கிடைத்துவிட்டது. பாதியில் நின்றுபோன ஆட்டத்தில் பணயத்தை எப்படிப் பிரிப்பது என்ற கேள்வியில், அந்த ஆண்டு பிளெய்ஸ் பாஸ்கலும் பியர் தெ ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். இதுவரை யார் எத்தனை சுற்று ஜெயித்தார் என்ற விகிதத்தில் பிரிப்பது அதுவரை பலருக்கும் தோன்றிய வழி. இருவரும் அதை விட்டுவிட்டு, இனி ஆட்டம் எத்தனை விதமாகப் போகக்கூடும், அதில் எத்தனை விதத்தில் யார் ஜெயிப்பார் என்று எண்ணினார்கள். நிகழ்தகவு என்ற கணிதத் துறை உருவாக வழிசெய்த கடிதங்கள் அவை. நடந்தது முடிந்தது, இனி நடக்கக்கூடியதை எண்ணு என்ற அந்தத் திருப்பம்தான், 66-ல் எட்டு என்று நாம் போட்ட கணக்கிலும் இருக்கிறது. குவியலில் எது யாருடைய கொட்டை என்பது அதில் வராது.

சரி, எதை வைத்துக்கொண்டு உள்ளே வரலாம்? மூன்று சீட்டில் வரக்கூடிய சேர்மானம் மொத்தம் 22,100. மூன்றும் ஒரே எண்ணாக வருவது 52, அதாவது 425 கைக்கு ஒன்று. வந்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்ளலாம். ஜோடி வருவது 3,744, ஏறக்குறைய ஆறு கைக்கு ஒன்று. மூன்றும் ஒரே இனம் 1,144. இனம் கலந்து 7, 8, 9 போல அடுத்தடுத்து வருவது 720. எல்லாவற்றையும் கூட்டினால் நூற்றுக்கு 25.6. நான்கு கையில் மூன்று கை இதில் எதிலும் சேராது. அந்த மூன்றையும் கவிழ்க்க வேண்டும். வந்த ஒன்றிலும் பாதி, எதிரே பார்த்தபிறகு கவிழ்க்க வேண்டியதாகிவிடும். ரம்மியில் பழகிய நமக்கு இது கஷ்டம். பதின்மூன்று சீட்டைக் கையில் வைத்து அடுக்கி அடுக்கிச் சரிசெய்யும் ஆட்டம் அது. இங்கே மாற்றிக்கொள்ள வழியே கிடையாது. வந்தது வந்ததுதான்.

ஜோடியின் உயிரும் எதிரே கிடப்பதில்தான் இருக்கிறது. உங்களிடம் இரண்டு ராஜா. எதிரே ஏழில் ராஜா இல்லை என்றால், வரப்போகும் நான்கில் மூன்றாவது ராஜா விழ நூற்றுக்கு 18.4 வாய்ப்பு. ஒரு ராஜா எதிரே செத்திருந்தால் 9.5. இரண்டும் செத்திருந்தால் அந்தக் கதவு மூடியாயிற்று. இருந்தாலும் பெரிய ஜோடிக்கு இன்னொரு பலம் உண்டு. இந்த நிமிடத்தில் மேசையில் அதுதான் பெரியதாக இருக்கக்கூடும். ஃபிளஷுக்கும் தொடருக்கும் காத்திருப்பவர்கள் கையில் இன்னும் ஒன்றுமில்லை, நம்பிக்கைதான் இருக்கிறது. சின்ன ஜோடி வேறு கதை. இரண்டு 4 வைத்துக்கொண்டு, எதிரே ராஜாவும் ஏஸும் கிடக்கையில் உள்ளே போவது பெரும்பாலும் வீண்.

ஏழு சீட்டு என்பதே ஐந்து சீட்டுப் பழக்கத்தைக் கெடுக்கும். ஐந்து சீட்டுக் கையில் பாதிக்குப் பாதி ஒன்றுமே சேராது, 50.1 சதவீதம். ஏழு சீட்டில் சாத்தியமான 13,37,84,560 கையையும் எண்ணினால், ஒன்றுமே சேராதவை 17.4 சதவீதம்தான். ஒரு ஜோடி 43.8. இரண்டு ஜோடி 23.5. ஒன்றுமில்லாத கை இரண்டு ஜோடியைவிட அரிது! அப்படியானால் அரியதற்கு மதிப்பு அதிகம் என்ற போக்கர் நியாயப்படி, ஒன்றுமில்லாத கைக்கு இரண்டு ஜோடியைவிட உயர்ந்த இடம் தரவேண்டாமா? தந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஏழு சீட்டில் ஒரு ஜோடி வைத்திருப்பவரிடம் ஆறு வேறு வேறு எண் இருக்கும். அவர் ஜோடியை உடைத்து ஐந்து வேறு எண்ணைக் காட்டி, என்னிடம் ஒன்றுமில்லை, நானே பெரியவன் என்பார். இரண்டு ஜோடிக்காரரிடமும் ஐந்து எண் உண்டு, அவரும் அதையே சொல்வார். அரியதாக இருந்தது உடனே எல்லோரிடமும் இருக்கும். அதனால் ஐந்து சீட்டின் தரவரிசையே ஏழு சீட்டிலும் நிற்கிறது. புதியவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: கடைசிவரை நிற்பவர் கையில் ஏதோ ஒன்று இருக்கும். ஒற்றை ஜோடியைக் காட்டி ஜெயிப்போம் என்று ஏழாம் சீட்டுவரை பணம் கட்டிக்கொண்டு வருவது ஆகாது.

இனி நினைவு. எட்டுப் பேர் மேசையில் நாம் மனத்தில் வாங்கவேண்டியது ஏழு திறந்த சீட்டு. உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், மனிதன் ஒரே நேரத்தில் நினைவில் பிடித்துவைக்கக்கூடியது ஏழு, கூடினால் இரண்டு, குறைந்தால் இரண்டு என்றார். 2001-ல் நெல்சன் கோவன் அதை இன்னும் இறக்கி ஏறக்குறைய நான்கு என்று வாதிட்டார். ஸ்டட் நம்மை நிற்கவைப்பது சரியாக அந்த எல்லையில். அதிலும் விலகியவரின் சீட்டு உடனே மேசையிலிருந்து எடுக்கப்பட்டுவிடும். கண்ணெதிரே இருக்கும்போது எளிது, போனபிறகுதான் வேலை. தெரிந்த சீட்டு என்று நாம் கழித்த ஒவ்வொரு கணக்கும் அந்த நினைவின்மேல்தான் நிற்கிறது.

அம்மாவுக்கு அது எப்படி முடிகிறது? அவர் வாழ்நாள் முழுக்கச் சகோதரிகளோடு ரம்மி ஆடியவர். கீழே எது போயிற்று, யார் எதை எடுத்தார் என்பது அவருக்குப் பேச்சோடு பேச்சாகப் பதியும். சதுரங்க வல்லுநர்களைப் பற்றி வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விளக்கம் தருகிறது. உண்மையான ஆட்டத்தின் நடுக்கட்டத்தைச் சில நொடி காட்டினால் வல்லுநர்கள் காய்களைச் சரியாகத் திரும்ப வைத்தார்கள். அதே காய்களைக் கண்டபடி பரப்பிக் காட்டினால் புதியவர்களைவிடப் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. அவர்கள் காயைக் காயாக நினைவில் வைக்கவில்லை, உறவாக, கொத்தாக வைத்திருந்தார்கள். சீட்டிலும் அப்படித்தான் செய்யவேண்டும். விழுந்த வரிசையில் மனப்பாடம் செய்தால் நிற்காது. பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி ஒருமுறை முணுமுணுங்கள்: ராஜா, ராஜா, பத்து, எட்டு, ஆறு, மூன்று, இரண்டு. பிறகு நம் இனம் மட்டும் எத்தனை என்று ஒரு எண்: ஆட்டின் நான்கு. ஏழு சீட்டு ஒரு வரியும் ஒரு எண்ணுமாகச் சுருங்கிவிட்டது. இதைச் செய்யும்வரை சொந்தச் சீட்டை எடுத்துப் பார்க்காமல் இருப்பது இன்னும் நல்லது. பார்த்துவிட்டால் கண் அதை விட்டு நகராது.

அடுத்து எதிராளியின் கை. அதில் ஒரே ஒரு இடத்தை மட்டும் நெருங்கிப் பார்ப்போம், ஏனென்றால் புதியவர்கள் அதிகக் கொட்டை விடுவது அங்கேதான். எதிரே ஒருவர் 8-ஐத் திறந்து வைத்துக்கொண்டு, பந்தயம் ஏற்றி உள்ளே வந்தார். ஜோடி இல்லாமல் ஏற்றமாட்டார் என்று அவரைப் பற்றித் தெரியும். நாலாவது சீட்டாக அவருக்கு இன்னொரு 8 விழுகிறது. மேசையில் இரண்டு 8. கவிழ்ந்திருப்பதில் ஒன்றும் 8-ஆக இருந்தால் மூன்று 8. அதற்கு வாய்ப்பு எவ்வளவு?

அவருடைய ஜோடி, திறந்த 8-ஐச் சேர்த்த ஜோடியாக இருக்கலாம், அல்லது இரண்டுமே கவிழ்ந்திருக்கும் வேறு ஜோடியாக இருக்கலாம். முதலாவதற்கு 144 சேர்மானம், இரண்டாவதற்கு 72. இரண்டுக்கு ஒன்று. ஆனால் முதலாவது உண்மையானால் வெளியே மிச்சம் இரண்டு 8, இரண்டாவது உண்மையானால் மூன்று. புது 8 விழுந்தது இரண்டாவதற்குக் கொஞ்சம் சாதகமான செய்தி. பெருக்கினால் 4-க்கு 3. மூன்று 8 இருக்க நூற்றுக்கு 57 வாய்ப்பு. இன்னொரு 8 வேறொருவர் முன்னால் ஏற்கெனவே கிடந்திருந்தால்? சேர்மானம் 96-க்கு 72 ஆகும், மிச்சம் ஒன்றுக்கு இரண்டு ஆகும், வாய்ப்பு 40-க்கு இறங்கிவிடும். முன்பு நம்பியதைப் புதுச் செய்தியைக் கொண்டு திருத்தும் இந்த முறைக்கு வழிவகுத்தவர் தாமஸ் பேயஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். அவர் இறந்தபின், நண்பர் ரிச்சர்ட் பிரைஸின் முயற்சியால் 1763-ல் அந்தக் கட்டுரை அச்சேறியது. இன்று மருத்துவச் சோதனை முடிவைப் படிப்பதற்கும் அதே கணக்குத்தான். மேசையில் இதன் பொருள்: முதல் திறந்த சீட்டுக்கே ஜோடி விழுந்த எதிராளியிடம், நம் ஒற்றை ஜோடியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டக் கூடாது. ஆனால் அந்த எண் வேறெங்கோ செத்திருப்பதை நீங்கள் நினைவில் வைத்திருந்தால், பயத்தில் ஒரு பங்கு குறையும்.

பொய்க்கை, அதாவது பிளஃப், பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். ஜான் வான் நாய்மன் 1928-ல் விளையாட்டுக் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்ட கட்டுரையை எழுதினார். 1944-ல் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னோடு எழுதிய பெரிய நூலில் போக்கருக்கு ஒரு பகுதியையே ஒதுக்கினார். அவருடைய எளிய மாதிரியில் தெரியவந்த ஆச்சரியம், நடுத்தரக் கையை வைத்துக்கொண்டு பொய் சொல்லக் கூடாது, மிக மோசமான கையை வைத்துத்தான் சொல்லவேண்டும் என்பது. நடுத்தரக் கைக்குக் காட்டி ஜெயிக்கும் மதிப்புக் கொஞ்சம் உண்டு, அதை ஏன் பணயம் வைக்கவேண்டும்? ஸ்டட்டில் நான்கு சீட்டு எதிராளி கண்ணுக்குத் தெரியும் என்பதால், சொல்லும் பொய் அந்த நான்கோடு பொருந்த வேண்டும். எதிராளி அந்த நான்கைப் பார்க்கிறவராகவும் இருக்கவேண்டும். தன் சீட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் எவ்வளவு நல்ல பொய்யும் செல்லாது. புதியவர்கள் சேர்ந்து ஆடும் மேசையில் இதை விட்டுவிடுவதே நல்லது.

புளியங்கொட்டை வைத்து ஆடியதை நான் வேண்டுமென்றே சொன்னேன். தமிழ்நாடு 2022-ல் கொண்டுவந்த இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் ரம்மியும் போக்கரும் பெயரோடு இடம்பெற்றன. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தது, இணையச் சூதில் பணத்தை இழந்த வீடுகளின் துயரம். நான் மேலே சொன்ன கணக்கு எதுவும் அந்தப் பள்ளத்திலிருந்து ஒருவரையும் தூக்கிவிடாது. இந்தக் கணக்கு நீண்ட ஓட்டத்துக்கானது. ஒரு இரவுக்கு, ஒரு சம்பளத்துக்கு அது எந்த உறுதியும் தராது. கொட்டையோடு ஆடினால் கணக்கு ஒன்றும் குறையாது, முழுசாகக் கற்கலாம்.

அன்று கை முடிந்ததும் அக்கா மகள் விடவில்லை. அம்மாவின் கவிழ்ந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். கிளாவர் ராஜா. திறந்த இஸ்பேடு ராஜாவோடு ஜோடி, பின்னால் விழுந்த இரண்டு 7-ஓடு சேர்ந்து இரண்டு ஜோடி.

“ஆச்சி, ஒங்க ராஜா மட்டும்? அதுவும் ஒண்ணு செத்துதானே கெடந்துச்சு?”

“ஆமா, ஆட்டின் ராஜா அந்தா அங்க கெடந்துச்சு. டைமண்ட் ராஜா ஒண்ணுதான் மிச்சம். அது வராதுன்னு வச்சுக்கிட்டுதான் ஆடுனேன்.”

“அப்புறம் எதுக்கு ஏத்துனீங்க?”

“அந்நேரம் எங்கிட்டதான பெருசு இருந்துச்சு? ஒனக்கு ஆட்டின் வரணும்னா நீ கொட்ட குடுத்துல்லா பாக்கணும். சும்மா பாக்க விட்ருவனா?”

கட்டைக் கலைத்து அடுத்த கை போட்டேன். எட்டுப் பேருக்கும் மூன்று மூன்று விழுந்தது. அவள் தன் இரண்டு சீட்டைத் தொடவில்லை. வட்டத்தைச் சுற்றிக் கண்ணை ஓட்டி, உதடு மட்டும் அசைய, ஏஸ், ராணி, ராணி, ஒன்பது, ஆறு, நாலு, ரெண்டு என்று சொல்லிக்கொண்டாள். பிறகு ஓரம் தூக்கிப் பார்த்தாள். ஒரு நொடி. மூன்றையும் கவிழ்த்து என் பக்கம் தள்ளிவிட்டாள். என்னிடம்கூடக் காட்டவில்லை. ஒரு கொட்டைதான் போயிற்று.